நடக்கத் தாமதமாகும் குழந்தையுடன் வீட்டில் என்ன விளையாடுகிறீர்கள்? பெங்களூரு பெற்றோர் அனுபவங்கள்

அல்சூர் அம்மா:
என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள், தசைகளில் இறுக்கம் குறைவு. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தனியாக இன்னும் அடி எடுத்து வைக்கவில்லை. பிசியோதெரபிக்குப் போகிறோம். ஆனால் அங்கே இருக்கும் நேரம் கொஞ்சம்தான், மீதிப் பொழுதெல்லாம் வீட்டில்தானே? எங்களுக்குப் பலன் கொடுத்ததைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

தெரபிஸ்ட் முதலில் சொன்னது: குழந்தையைத் தூக்கி நிறுத்தாதீர்கள், அவளுக்குப் பிடித்த பொருளை இடம் மாற்றி வையுங்கள். என் மகளுக்கு எவர்சில்வர் டம்ளர் என்றால் உயிர். தரையில் இருந்தால் உட்கார்ந்தபடியே எடுத்துவிடுவாள். திவான் மேல் வைத்தால் முட்டி போட்டு எழ வேண்டும். திவான் மேலேயே டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பக்கவாட்டில் அடி வைத்தே ஆக வேண்டும். கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் அழுதுவிட்டு, அதை மறந்தும் விடுகிறாள்.

அப்புறம் பந்தும் பக்கெட்டும். நாற்காலி மேல் பிளாஸ்டிக் பக்கெட், கீழே பந்துகள். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக் குனிந்து பந்தை எடுத்து, நிமிர்ந்து போட வேண்டும். 'டொம்' என்ற சத்தத்துக்காகவே விடாமல் செய்வாள். தொடைக்கும் இடுப்புக்கும் இவ்வளவு வேலை கொடுக்கும் விளையாட்டு எனக்கு வேறு தெரியாது. டிசம்பர் குளிருக்கு எல்லாரும் சாக்ஸ் போடச் சொல்வார்கள். டைல்ஸில் அது வழுக்கும். விளையாடும்போது வெறுங்கால்தான், கீழே ஜமுக்காளம்.

ராமமூர்த்தி நகர் அப்பா:
எங்கள் வீட்டில் நடைவண்டி. மைசூரு போகும் வழியில் சன்னபட்டணாவில் இறங்கி, அரக்குச் சாயம் பூசிய மர வண்டியாக வாங்கினோம். ஒன்று கவனியுங்கள்: கால் வலுவில்லாத குழந்தை சாய்ந்தவுடன் வண்டி முன்னால் ஓடிவிடும். வண்டியின் கீழ்க்கட்டையில் அரிசி மூட்டை ஒன்றைக் கட்டச் சொன்னார் தெரபிஸ்ட். கனம் ஏறியதும் வண்டி மெதுவாக நகர்ந்தது, பையனும் நிதானமாகத் தள்ளினான். நடைவண்டி இல்லாதவர்கள் அட்டைப் பெட்டிக்குள் பழைய புத்தகங்களை அடுக்கித் தள்ள விடலாம்.

உட்கார வைக்கும் சக்கர வாக்கர் வேறு விஷயம். தயவுசெய்து வேண்டாம். அதில் குழந்தை நுனிக்காலால் உந்தப் பழகுகிறது, தன் உடம்பைத் தானே தாங்கப் பழகுவதில்லை. படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்து வேறு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. என் மாமனார் ஆசையாக வாங்கி வந்ததை, பேசிப் புரிய வைத்துத் திருப்பிக் கொடுத்தோம்.

ஜாலஹள்ளி பாட்டி:
அம்மாடி, பேரன் இடுப்பு நிற்காமல் இருந்தபோது மடியில் சாய்ந்தாட வைத்துத்தான் பழக்கினேன். முகம் பார்த்து உட்கார வைத்து, அக்குளைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடித்துக்கொள். மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து, கொஞ்சம் பொறு. தானாக நிமிரப் பார்ப்பான், அந்த முயற்சியில்தான் வலு ஏறும். என் மருமகளுக்கு டாக்டரும் இதையே சொல்லிக் கொடுத்தார் என்றதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 'இன்னுமா நடக்கலை' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. குழந்தை காதில் விழும்.

சிவாஜி நகர் அம்மா:
பாட்டி சொல்வது சரி, பதில் சொல்ல வேண்டாம். ஆனால் டாக்டரிடம் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எங்களை ஒரு மருத்துவர் 'ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் நடப்பான்' என்று அனுப்பிவிட்டார். மனசு கேட்கவில்லை. இன்னொருவரிடம் போனோம். அவர் தைராய்டும், தசைக்கான சிபிகே ரத்தப் பரிசோதனையும் பார்த்து, அன்றே பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக வளரும் குழந்தைகளே தனியாக நடக்கத் தொடங்கியது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவியிருந்தது. நூற்றுக்கு நாலு பேர் தவழவே இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். ஒன்றரை வயதாகியும் நடக்காவிட்டால் கட்டாயம் காட்டுங்கள். முன்பு செய்துகொண்டிருந்ததைக் குழந்தை இப்போது செய்யவில்லை என்றால் அன்றைக்கே போங்கள். அல்சூர் அம்மா, குறை மாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்துதான் கணக்கு. உங்கள் மகளின் வயதில் முன்கூட்டிப் பிறந்த காலத்தைக் கழித்துப் பாருங்கள்.

செலவுக்குத் தயங்குபவர்களுக்கு: மத்திய அரசு 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே (ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம்) என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. அங்கன்வாடியில் கேளுங்கள். நிம்ஹான்ஸ் பக்கத்தில் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும், இந்திராநகரில் இயக்கக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உதவும் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியும் இருக்கின்றன.

அல்சூர் அம்மா:
நன்றி பாட்டி, நன்றி எல்லாருக்கும். அரிசி மூட்டை யோசனையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவின் உள்சாலைகளில் வாகனம் விடுவதில்லை, வண்டி தள்ள நல்ல இடம். புல்லில் வெறுங்காலோடு நிறுத்தவும் செய்யலாம். வர முடிந்தவர்கள் சொல்லுங்கள், காலையில் பால பவன் பக்கம் சந்திக்கலாம்.