அடையாறு முகத்துவாரத்தில் செங்கல் நிறப் பறவைகள்: புது இனமா?

சீனிவாசபுரம்_காலைநடை:
வணக்கம். ஐப்பசியிலிருந்து தினமும் காலையில் உடைந்த பாலம் பக்கம் போய்ப் பறவை பார்க்கிறேன். தை முழுக்கச் சேற்றில் மேய்ந்த உள்ளான்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன: முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. சித்திரை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று ஆறரை மணிக்கு நீர் வற்றிக் கிடந்தது. 14 பறவைகள் எண்ணினேன். அதில் 9 பறவைகளுக்கு முகத்திலிருந்து வயிறு வரை சுட்ட செங்கல் நிறம்! கறுப்பு அலகு, நுனி கீழே வளைந்திருக்கிறது. தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றில் குத்திக்கொண்டே நகர்ந்தன. மீதி 5 பறவைகள் பழைய சாம்பல் நிறத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கு உடம்பு சரியில்லையா? மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முத்துப்பேட்டை_அலையாத்தி:
கவலைப்படாதீர்கள் அம்மா. எல்லாமே கர்லூ சாண்ட்பைப்பராகத்தான் இருக்கும். நாங்கள் வளைமூக்கு உள்ளான் என்போம். சைபீரியாவின் துந்திராவில், அதாவது வடகோடியில் மரமே வளராத குளிர்நிலத்தில், முட்டையிடுகிற பறவை. வலசை கிளம்புவதற்கு முன்பே இங்கே சிறகு மாற்றிச் சிவந்துவிடும். பெட்டைக்குச் சிவப்பு கொஞ்சம் மங்கல். சாம்பலாகவே இருப்பவை பெரும்பாலும் போன வருடத்துக் குஞ்சுகள். முதல் கோடையில் பல குஞ்சுகள் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடும். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை தெரிந்ததா?

உப்பளத்தான்:
கூடவே கறுப்பு முகமூடியும் ஆரஞ்சு மார்புமாக, குட்டை அலகோடு நின்றால் அது மணல் உப்புக்கொத்தி. அதுவும் கிளம்பத் தயாராகிறது. அப்புறம், ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ காலில் இருந்தால் எந்தக் கால், எந்த நிறம் மேலே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சீனிவாசபுரம்_காலைநடை:
வெள்ளை நன்றாகத் தெரிந்தது. நாய் ஒன்று துரத்த, எல்லாம் ஒரே வீச்சில் எழுந்தன. திரும்ப இறங்கப் பத்து நிமிடம் ஆனது.

முத்துப்பேட்டை_அலையாத்தி:
அந்தப் பத்து நிமிடம் அவற்றுக்குப் பெரிய நஷ்டம். 60 கிராம் அளவே உள்ள உடம்பு. இப்போது தின்று சேர்க்கிற கொழுப்பில்தான் பறந்தாக வேண்டும். முடிந்தால் நாயை விரட்டிவிடுங்கள். நாமும் சேற்றில் இறங்காமல் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது.

சீனிவாசபுரம்_காலைநடை:
சரி, இந்த நான்கு நாளும் கரையிலேயே நின்றுகொண்டேன். இன்று செங்கல் நிறம் 2 மட்டும். சாம்பல் 5 பறவைகளும் அதே இடத்தில் குத்திக்கொண்டிருக்கின்றன.