1975 செஸ்னா 172: வேக்யூமைக் கழற்றிவிட்டு இரண்டு ஜி5 போடலாமா, பெரிய திரைக்கே போய்விடலாமா?

லிவர்மோர்க்காரன்:

வணக்கம். கலிபோர்னியா லிவர்மோரில் ஒரு 1975 செஸ்னா 172எம் விமானம், நண்பரோடு பாதிப் பங்கு. பேனல் ஏறக்குறைய தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. ஆறு வட்டக் கருவிகளில் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானமும் திசையைக் காட்டும் டைரக்‌ஷனல் கைரோவும் காற்றை உறிஞ்சும் வேக்யூம் பம்பில் ஓடுகின்றன. ஒரு கிங் கேஎக்ஸ் 155 ரேடியோ, இறங்கும் சரிவைக் காட்டும் கிளைட்ஸ்லோப் முள்ளோடு நன்றாக வேலை செய்கிறது. ஏடிஎஃப் (பழைய ரேடியோ திசைகாட்டி) செத்து வெகுநாளாயிற்று. 2020 ஜனவரி 1 கெடுவுக்காக முந்தைய உரிமையாளர், விமானம் இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி டிரான்ஸ்பாண்டர் போட்டுவிட்டார். ஜிபிஎஸ் என்றால் என் மடியில் இருக்கும் ஐபேட்தான்.

மகள் வட கலிபோர்னியக் கடற்கரையில் ஆர்கேட்டாவில் படிக்கிறாள். காரில் ஆறு மணி நேரம், பறந்தால் இரண்டேகால். ஆனால் அந்தக் கடற்கரையின் பனிமூட்டம் லேசுப்பட்டதல்ல. 1940-களில் பனிமூட்டத்தைக் கலைக்கும் சோதனைகளைக் கடற்படை நடத்தியதே அந்த விமான நிலையத்தில்தான். போன வருடம் ஐந்து முறை கிளம்பினேன், மூன்று முறை ஓடுதளத்தைப் பார்க்காமலே திரும்பினேன். அவள் விடுதி வாசலில் பையோடு நின்றிருந்தாள். அதன் பிறகுதான் ஐஎஃப்ஆர், அதாவது மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சியில் சேர்ந்தேன்.

இரண்டு கடைகளில் மதிப்பீடு வாங்கியிருக்கிறேன். முதலாவது ஜி3எக்ஸ் டச் திரை, ஜிடிஎன் 650எக்ஸ்ஐ ஜிபிஎஸ்-ரேடியோ, ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட் எல்லாம் சேர்த்து 86,000 டாலர். விமானத்தின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டாவது இரண்டு ஜி5 (வட்டக் கருவியின் இடத்தில் பொருந்தும் சின்ன மின்னணுத் திரை), பேனலில் பொருத்தும் ஒரு ஜிபிஎஸ் 175, வேக்யூமை முழுக்கக் கழற்றுவது, கூலியோடு 34,000. பங்காளி நண்பருக்குப் பெரிய திரைதான் வேண்டும், "ஒருமுறை செய்தால் ஒழுங்காகச் செய்வோம்" என்கிறார். என்னால் பாதிப் பங்காக 20,000-க்கு மேல் போட முடியாது. இந்தச் சின்ன வழியில் போனால் பிறகு வருத்தப்படுவேனா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய செரோக்கி:

தம்பி, என்கிட்ட 1969 செரோக்கி 180 விமானம் இருக்கு, 22 வருஷமா ஓட்டறேன். பெட்டி எதுன்னு பேசறதுக்கு முன்னாடி எனக்கு நடந்ததைச் சொல்லிடறேன்.

வாட்சன்வில்லிலிருந்து ஒரு ஜூன் மாசக் காலை. கடல் மேகம் 700 அடியில தொடங்கி 1,800-ல முடியுது. ஐஎஃப்ஆர் அனுமதி வாங்கி ஏறினேன். மேலே வெயில்னு தெரியும், ரெண்டு நிமிஷ வேலைதான். மேகத்துக்குள்ள போன கொஞ்ச நேரத்துல செயற்கை அடிவானம் லேசா வலதுபக்கம் சாயற மாதிரி காட்டிச்சு. நானும் கையை இடதுபக்கம் கொடுத்தேன். அது இன்னும் சாஞ்சுது, நான் இன்னும் கொடுத்தேன். திருப்பத்தைக் காட்டற டர்ன் கோஆர்டினேட்டரைப் பார்த்தா முழு இடது திருப்பம். திசைகாட்டி சுத்திக்கிட்டே இருக்கு. பம்போட உறிஞ்சு அழுத்தத்தை ஐந்து அங்குலம்னு காட்ட வேண்டிய சக்‌ஷன் முள் பூஜ்யத்துல படுத்திருந்துச்சு.

எண்ணெய் இல்லாம ஓடற இந்த டிரை வேக்யூம் பம்ப்ல கார்பன் தகடு உடைஞ்சா அது அந்த நொடியே செத்துடும். கைரோ மட்டும் உடனே நிக்காது. வேகம் குறையக் குறைய மெதுவா, நம்பற மாதிரியே பொய் சொல்லும். அதுதான் ஆபத்து. டர்ன் கோஆர்டினேட்டர் கரண்ட்ல ஓடறதால பிழைச்சேன். அதை மட்டும் பார்த்து இறக்கையை நேராக்கினேன், வெயில் வந்துச்சு. சாலினாஸ்ல மேகம் விலகியிருந்துச்சு, அங்கே இறங்கி ஒரு மணி நேரம் இறக்கை நிழல்ல உட்கார்ந்திருந்தேன். கால் நடுக்கம் நிக்கல.

அதனால என் அபிப்பிராயம் இதுதான். உன் 34,000 டாலர்ல உயிரைக் காப்பாத்தற பங்கு அந்த ரெண்டு ஜி5. ஒவ்வொண்ணுக்கும் தனி பேட்டரி, நாலு மணி நேரம் வரை தாங்கும். மேல இருக்கறது போனா, கீழ எச்எஸ்ஐயா (திசையும் பாதையும் காட்டற கருவியா) இருக்கறது தானாவே அடிவானமா மாறிக்கும். பெரிய திரை அழகு, மறுக்கல. ஆனா உன்னை ஆர்கேட்டாவுல இறக்க அது தேவையில்ல.

இன்னொண்ணு, கேஎக்ஸ் 155-ஐக் கழற்ற விடாதே, அதோட முள்ளையும். வி.ஓ.ஆர்னு சொல்ற தரை வழிகாட்டி ரேடியோ நிலையங்களை 896-லிருந்து சுமார் 590 ஆக்கறாங்கன்னு சொல்லி "பழைய ரேடியோ எதுக்கு"ன்னு கடைக்காரர் கேட்பார். ஆர்கேட்டாவுல ஐஎல்எஸ் (ஓடுதளத்துக்கு வழிகாட்டற ரேடியோ அமைப்பு) இருக்கு, உன் லிவர்மோர்லயும் இருக்கு. சைனா லேக்ல ராணுவம் ஜிபிஎஸ் சோதனை வெச்சா கலிபோர்னியா முழுக்க நோட்டாம் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) வரும், பார்த்திருப்பே. அன்னிக்கு அந்தப் பழைய முள்தான் துணை.

ஸ்பானர் கை:

நான் ஏ அண்ட் பி (விமான உடல், எஞ்சின் உரிமம் பெற்ற) மெக்கானிக், வேலையைப் பரிசோதித்து ஒப்புதல் தரும் ஐஏ உரிமமும் உண்டு. அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மதிப்பீட்டில் எழுதாத விஷயங்களை மட்டும் சொல்கிறேன், பணம் அங்கேதான் ஒழுகும்.

50 வருடப் பேனலைத் திறந்தால் பின்னால் ஒரு காடு. போன வருடம் ஒரு 172-இல் செத்த ஏடிஎஃப், லோரான் என்ற பழைய வழிகாட்டிக் கருவி, யாரோ எப்போதோ போட்ட இன்டர்காம் என்று 11 பவுண்டு வெட்டி எறிந்தேன். அதில் ஒரு வயர் உறை பிய்ந்து கண்ட்ரோல் யோக்கின் தண்டில் உரசிக்கொண்டிருந்தது. எனவே "பழைய வயரிங் நீக்கம்" என்ற வரி மதிப்பீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். அதுபோலவே முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் உறை. 1975 பிளாஸ்டிக்கைத் தொட்டாலே விரியும். அலுமினியத்தில் புதிதாக வெட்டித் தருவார்களா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வெளிக்காற்றின் அழுத்தத்தை உயரமானிக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்டிக் குழாயைத் திறந்தால், ஐஎஃப்ஆர் பறக்க 91.411 விதிப்படியான சோதனை மறுபடி கட்டாயம். இதை வேலையோடு சேர்த்துக் கேளுங்கள், அடுத்த 24 மாதத்துக்கும் ஆயிற்று. வேக்யூம் பம்ப், குழாய்கள், வடிகட்டி எல்லாம் போவதால் எடை மாறும். புது வெயிட் அண்ட் பேலன்ஸ் (எடைக் கணக்கு), மாற்றத்தைப் பதியும் படிவம் 337, விமானத்தில் வைக்க வேண்டிய பிளைட் மேனுவல் சப்ளிமென்ட், வயரிங் வரைபடம் இவை நான்கும் கையில் வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். வரைபடம் இல்லாத பேனலை ஐந்து வருடம் கழித்துத் திறக்கும் மெக்கானிக் படும் பாடு எனக்குத் தெரியும், பல முறை அந்த மெக்கானிக் நான்தான்.

தேதியையும் எழுதி வாங்குங்கள். என் சொந்த விமானத்தை வேறு ஊரில் ஒரு கடையில் விட்டபோது மூன்று வாரம் என்றார்கள், நான்கு மாதம் ஆனது. முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்திருந்தேன். இத்தனை வருடம் இதே தொழிலில் இருந்தும் அதைச் செய்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

லிவர்மோர்க்காரன்:

அண்ணா, வாட்சன்வில் கதையைப் படித்துவிட்டு ஹேங்கருக்குப் போய் பம்ப் எப்போது மாற்றியது என்று பதிவேட்டைப் பார்த்தேன். 940 மணி நேரமாக அதே பம்ப். அதோடுதான் மகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஸ்பானர் கை, நீங்கள் சொன்ன நான்கு தாள்களையும் எழுதி கடைக்கு அனுப்பிவிட்டேன். பழைய வயரிங் நீக்கம் மதிப்பீட்டில் இல்லை. சேர்த்தால் 2,200 கூடும் என்கிறார்கள். ஒன்று மட்டும் இன்னும் குழப்பம். ஆட்டோபைலட் இல்லாமல் தனியாக ஐஎஃப்ஆர் பறப்பது சரியா?

வலது சீட் அக்கா:

சட்டப்படி சரி. நான் பதினாறு வருடமாகக் கருவிப் பறத்தல் சொல்லிக்கொடுக்கிறேன், என் மாணவர்களில் பலர் ஆட்டோபைலட் இல்லாமல்தான் தேர்வு எழுதினார்கள். ஆனால் கட்டுப்பாட்டு மையம் திடீரென்று பாதையை மாற்றிச் சொல்லும்போது, குனிந்து அதைத் தட்டச்சு செய்யும் அந்த இருபது விநாடியில்தான் இறக்கை சாய்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் இதைப் பார்த்திருக்கிறேன். எனவே ஆசையாக அல்ல, தேவையாகவே அதைப் பட்டியலில் வையுங்கள், தம்பி. இந்த வருடமே வேண்டியதில்லை. ஜிஎஃப்சி 500 உங்கள் ஜி5-ஓடு வேலை செய்யும். இப்போது பேனல் திறந்திருக்கும்போதே அதற்கான வயர்களை இழுத்து வைக்கச் சொல்லுங்கள். மறுபடி திறக்கும் கூலி மிச்சம். உங்கள் நண்பரிடமும் இதையே சொல்லலாம், அவர் கேட்பதில் பாதி இரண்டாம் கட்டத்தில் வந்துவிடுகிறது.

விமானம் கைக்கு வந்ததும் நேராக மேகத்துக்குள் போகாதீர்கள். வட்ட முள்ளிலேயே பழகிய கண், நாடாவாக ஓடும் வேகத்தையும் உயரத்தையும் முதலில் படிக்காது, தேடும். ஹேங்கரில் வெளி மின்சாரம் கொடுத்து உட்கார்ந்து ஜிபிஎஸ் 175-இல் ஆர்கேட்டா அணுகுமுறையை (ஓடுதளத்துக்கு இறங்கும் பாதையை) ஐம்பது முறை ஏற்றி இறக்குங்கள். பிறகு பத்து மணி நேரம் தெளிந்த வானில், வெளியே தெரியாமல் மறைத்துக் கருவிகளை மட்டும் காட்டும் முகமூடி போட்டு, பக்கத்தில் ஒருவரோடு. அதன் பிறகு மேகம். ஜிபிஎஸ் தரவுத்தளச் சந்தாவையும் வருடச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலாவதியான தரவை வைத்துக்கொண்டு அணுகுமுறை பறக்க நான் யாரையும் விடுவதில்லை.

லிவர்மோர்க்காரன்:

நண்பரிடம் நேற்று இரவு பேசினேன். முதலில் முகம் வாடியது, பம்பின் 940 மணி நேரத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். இரண்டு ஜி5, ஜிபிஎஸ் 175, பழைய வயரிங் முழுக்க வெளியே, ஆட்டோபைலட்டுக்கான வயர்கள் உள்ளே, கேஎக்ஸ் 155 இருந்த இடத்திலேயே. மொத்தம் 37,500. மூன்று தவணை, கடைசித் தவணை தாள்கள் வந்த பிறகு. கடையும் சரி என்றுவிட்டது.

விமானத்தைப் பிப்ரவரி முதல் வாரம் விடுகிறேன். அதுவரை மேகத்துப் பக்கம் போவதில்லை, மகளிடமும் சொல்லிவிட்டேன், இந்த முறை காரில்தான் வருகிறேன் என்று. அக்கா, அந்தப் பத்து மணி நேரத்துக்கு வலது சீட்டில் நீங்கள் வர முடியுமா? லிவர்மோரில் ஏற்றிக்கொள்கிறேன்.

வலது சீட் அக்கா:

வருகிறேன். முகமூடியை நானே கொண்டுவருகிறேன், உங்களுடையதில் ஓரம் வழியாக எட்டிப் பார்ப்பீர்கள்.