புதுப்பிப்பு: சயாம் ரயிலுக்குப் போன கொள்ளுத்தாத்தா

1943-இல் ஜப்பான்காரர்கள் எங்கள் மலாயா தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோன என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எந்தப் பதிவிலாவது இருக்குமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

பெயர் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில், அதே ரயில்பாதை வேலையில் செத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயரோடு. அந்த 415 கி.மீ. பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு செத்த தமிழர், மலாய்க்காரர், பர்மியருக்கு முழுப் பட்டியல் என்று ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. கூலிதானே!

ஆனால் சின்னப்பாட்டி வாய் திறந்தார். அப்போது அவர் சிறுமி. "ஆத்தா மரவள்ளிக் கொல்லையிலேருந்து மண்ணுக் கையோட ஓடியாந்துச்சு. அப்பா லாரியிலேருந்து கத்துனது ஒண்ணுதான், 'ஆட்டக் கட்டிட்டியா?'ன்னு."

கொள்ளுப்பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. அதனாலேயே கொள்ளுத்தாத்தாவுக்குத் திதி கொடுக்க வீட்டில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்று இங்கே ஒருவர் சொன்னதை வீட்டில் சொன்னேன். பெரிய மாமா இன்னும் முறைக்கிறார். அம்மா சரி என்றுவிட்டார். இந்தப் புரட்டாசியில் இருவருக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ஜப்பான் காலத்துத் தோட்டப் பேரேடு யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.