புதுப்பிப்பு: லடாக் சாலைத் தார்க் கலவையின் குளிர் விரிசல்

லடாக் சாலைக்கான தார்க் கலவை குளிரில் விரிசல் விடுமா என்று இங்கே டெல்லி ஆய்வகத்தில் எப்படிச் சோதிப்பது எனக் கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலர் சொன்ன வளைவுச் சோதனை, ஜல்லியை ஒட்டும் பிட்டுமனை, அதாவது தாரை மட்டுமே பார்க்கிறது: குளிர்ந்த தார்ப் பட்டையின் மேல் எடை வைத்து 60 வினாடியில் விறைப்பு (வளைய மறுக்கும் அளவு) 300 மெகாபாஸ்கலைத் தாண்டக்கூடாது. ஜல்லி சேர்ந்த கலவைக்கு அது போதாது என்றே நினைக்கிறேன். அதனால் கலவைக் கட்டையின் இரு முனைகளையும் சுருங்கவிடாமல் இறுக்கிப் பிடித்து, மணிக்கு 10 டிகிரி வீதம் குளிர்வித்தோம். உள்ளே இழுவிசை ஏறி ஏறி, பட்டென்று உடைந்தது. விரிசல் ஜல்லியைச் சுற்றிப் போகவில்லை, ஜல்லியையே பிளந்திருந்தது!

மென்மையான விஜி-10 தார் சேர்ந்த கலவை, அதைவிடக் கெட்டியான விஜி-30ஐ விடக் கூடுதல் குளிரைத் தாங்கியது (விஜி என்பது தாரின் பிசுபிசுப்புத் தரம்). சரி, தார் வயதானால்? அடுத்து கலவையைச் சீக்கிரம் வயதாக்க 85 டிகிரி அடுப்பில் 5 நாள் வைத்துப் பார்க்கிறோம்.