சா முக்: 2 லட்சம் டாங்குக்கும் 5 லட்சத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

ஹனோய்வாசி:
வியட்நாமின் ஹா லோங் நகரச் சந்தையில் கண்முன்னே இடித்துப் பொரித்துத் தரும் சா முக், அதாவது கணவாய் வடை, கிலோ சுமார் 4 முதல் 5 லட்சம் டாங். ஹனோயில் அதே பேரில் 2 லட்சத்துக்கும் கிடைக்கிறது. கணக்குப் போட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். ஓடு, மைப்பை, தோல், கண், அலகு எல்லாம் போனால் முழுக் கணவாயில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. கிலோ வடைக்கு ஒன்றரைக் கிலோ கணவாய் வேண்டும்; 2 லட்சத்துக்கு அது கட்டுப்படியாகாது. மீதியை நிரப்புவது மீன் விழுதும் மாவும்தான்.

கடல்நண்டு:
எந்தக் கணவாய் என்பதையும் சேர்த்துக்கோங்க. ஹா லோங்கில் பேர்போனது ஓட்டுக் கணவாய், சதை தடிமன். ஊசிக் கணவாய் மெல்லிசு. அந்தக் கடி வராது.

இடிப்பது கல் உரலில். அதற்கு முன் சதையைத் துணியில் ஒற்றி ஈரத்தைப் போக்கணும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்: ஈரம் நின்றால் விழுது சேராது, எண்ணெயில் போட்டதும் வெடிக்கும். மீன் சாஸை ஆரம்பத்திலேயே ஊற்றி இடிங்க. உப்புப் பட்டால்தான் சதையின் புரதம் கரைந்து பசையாகும். முக்கால் பங்கு விழுது, கால் பங்கு கணவாய்க் காலோடு சின்னத் துண்டுகள். கிலோ சதைக்கு 50 கிராம் பன்றிக் கொழுப்பு, 2 தேக்கரண்டி மீன் சாஸ், ஒரு தேக்கரண்டி மிளகு, கொஞ்சம் சின்ன வெங்காயம் போதும். மாவு வேண்டியதே இல்லை.

மெஷினில் பிளேடு நாரை அறுத்துவிடும், சூடும் ஏறும். சூடேறினால் பிடிப்பு போச்சு, அதைச் சரிக்கட்ட மாவைக் கொட்டுவாங்க. ஆனால் சதையை நன்றாகக் குளிர வைத்து, விட்டு விட்டு அரைத்து, உரலில் முடித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மிளகுத்தூள்:
வாங்கும் இடத்தில் ஒன்றைப் பிய்த்துப் பாருங்க, வெட்டாதீங்க. வெட்டினால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அசலைப் பிய்த்த இடம் கரடுமுரடாக இருக்கும். வெள்ளைத் துண்டுகளும் கால் துணுக்கும் துருத்தி நிற்கும், முரண்டு பிடித்துத்தான் கிழியும். மீன் கலப்பு வழவழவென ஒரே நிறத்தில் பிளந்துவிடும். எண்ணெயில் பந்தாக உப்பி, ஆறியதும் தோல் சுருங்கினால் அதுவும் கலப்புதான். சதகுப்பைக் கீரையும் மிளகும் தூக்கலாக இருந்தால் உஷார், பழைய கணவாயின் வாடையை மறைக்கிற வேலையாக இருக்கலாம்.

ரப்பர் மாதிரி எகிறினால் வெண்காரமோ (போராக்ஸ்) என்று சந்தேகப்படலாம். வியட்நாமில் உணவில் அது தடை செய்யப்பட்டது. மஞ்சள் தடவிய காகிதத்தை ஈரமான வடைமேல் ஒற்றினால் சிவக்கும். சமையல் சோடா இருந்தாலும் சிவக்கும் என்பதால், வாங்காமல் திரும்ப அது போதும், கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கப் போதாது.

ஹனோய்வாசி:
விலை கூடினால் தரமும் கூடும் என்றில்லை. சுற்றுலாப் படகுத்துறைப் பக்கம் கொடுப்பதில் ஒரு பங்கு கடை வாடகைக்குப் போகிறது. மீன் கலந்தது என்று சொல்லியே விற்பதில் தப்பில்லை. நூடுல்ஸ் சூப்பில் போட அது போதும், அசலைக் குழம்பில் ஊறவிட்டால்தான் வீண். அசலுக்குச் சூடான ஒட்டரிசிச் சோறு, இல்லையென்றால் பான் குவோன் என்கிற ஆவியில் வெந்த அரிசித் தாள்.

கடல்நண்டு:
காற்று நீக்கிய பொட்டலம் வாங்கினால் முழுக்கப் பொரித்ததா, பாதி பொரித்ததா என்று கேட்டுக்கோங்க. உறைந்ததை அப்படியே எண்ணெயில் போட்டால் வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருக்கும். முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் ஈரத்தைத் துடைத்து, மிதமான தீயில் இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்க. மைக்ரோவேவ் வேண்டாம், விறைத்துவிடும்.