ஸ்காட்லாந்து தனியாகப் போகலாமா? ஓட்டு இருக்கிறவன் கேட்கிறேன்

வடகாற்று:

வணக்கம். எடின்பரோவில் வேலை பார்க்கிறேன், குடும்பமும் இங்கேதான். சட்டப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு 2014 சுதந்திர வாக்கெடுப்பிலேயே ஓட்டு இருந்தது. அப்போது நான் இங்கே இல்லை. இன்னொன்று என்றைக்காவது வந்தால் நானும் ஆம் அல்லது இல்லை என்று குறி போட வேண்டியவன், அதனால் பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை.

"சின்ன நாடு, எப்படிப் பிழைக்கும்" என்கிற வாதத்தை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. இங்கே சுமார் 55 லட்சம் பேர். டென்மார்க், நார்வே, அயர்லாந்து எல்லாம் ஏறக்குறைய இதே அளவுதான், நன்றாகத்தான் இருக்கிறார்கள். என் குழப்பம் வேறு. 2014இல் "பிரிந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே விழுவீர்கள்" என்று பயம் காட்டினார்கள், 55.3 சதவீதம் பேர் பிரிய வேண்டாம் என்றார்கள். இரண்டே வருடத்தில் பிரெக்ஸிட் ஓட்டு. ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியும் வெளியே இழுத்துப் போய்விட்டார்கள். அப்படிப் பார்த்தால் பிரிவதற்கான நியாயம் கூடித்தானே இருக்கிறது? ஆனால் 2014இல் 'ஆம்' போட்ட என் அலுவலக நண்பர் ஒருவரே இப்போது இழுக்கிறார். ஏன்?

ஈழம், காஷ்மீர் என்று திரியைத் திருப்ப வேண்டாம் ப்ளீஸ். மட்டுறுத்துநர் பூட்டிவிட்டுப் போய்விடுவார்.

செவ்வந்தி:

போகலாம் என்பதுதான் என் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு யார் யாரை ஆள்கிறார்கள் என்று பாருங்கள். கன்சர்வேட்டிவ் தரப்புக்கு ஸ்காட்லாந்து கடைசியாகப் பெரும்பான்மை கொடுத்தது 1955இல். அதற்குப் பிறகும் தாட்சர் வந்தார், மேஜர் வந்தார், 2010 முதல் 2024 வரை அதே கட்சியின் பிரதமர்கள் வரிசையாக வந்தார்கள். இங்கிலாந்து ஓட்டுப் போட்டால் போதும், ஸ்காட்லாந்து என்ன நினைத்தது என்பது கணக்கிலேயே வராது. லண்டன் நாடாளுமன்றத்தின் 650 இடத்தில் 57 வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? போல் டாக்ஸ் என்ற தலைவரியை 1989இல் முதலில் ஸ்காட்லாந்தின் தலையில் கட்டினார்கள், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அடுத்த வருடம்தான் வந்தது. அங்கே கலவரம் வெடித்த பிறகுதான் அது ஒழிந்தது.

எண்ணெய்க் கதை இன்னும் மோசம். கவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார நிபுணர் 1974இல் ஓர் அறிக்கை எழுதினார், வட கடல் எண்ணெய் வந்தால் தனி ஸ்காட்லாந்துக்குப் பெரிய உபரி இருக்கும், அதன் நாணயம் ஐரோப்பாவிலேயே வலுவானவற்றில் ஒன்றாக இருக்கும் என்று. அதை ரகசியம் என்று முத்திரை குத்தி வைத்துவிட்டார்கள், பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2005இல். அதே கடலின் மறுகரையில் நார்வே 1990இல் சட்டம் போட்டு நிதியம் அமைத்து, இன்று உலகத்திலேயே மிகப் பெரிய அரசு முதலீட்டு நிதியத்தை வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இன்னொன்று. 2021 ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் எஸ்.என்.பி. (ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி) 64, பசுமைக் கட்சி 8, ஆக 129இல் 72 பேர் சுதந்திர ஆதரவாளர்கள். அதை வைத்து வாக்கெடுப்பு நடத்தலாமா என்று போனால், லண்டன் அனுமதி இல்லாமல் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். பிரிட்டன் என்பது இஷ்டப்பட்டுச் சேர்ந்த ஒன்றியம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, வெளியே போகும் வழி எது என்று ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

செவ்வந்தி சொன்ன அரசியல் நியாயத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேள்வி "ஏன் தயங்குகிறார்கள்" என்பது, அதற்குப் பதில் அங்கே இல்லை.

பிரெக்ஸிட் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தது. பிரிவதற்குக் காரணத்தைக் கொடுத்தது, பிரிவின் செலவையும் ஏற்றிவிட்டது. 2014இல் 'ஆம்' ஜெயித்திருந்தால் இரண்டு பக்கமும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் என்றுதான் திட்டம், அதாவது இங்கிலாந்து எல்லையில் சுங்கம் கிடையாது, ஒரே சந்தை. இப்போது ஸ்காட்லாந்து பிரிந்து ஒன்றியத்தில் சேர்ந்தால் அந்த எல்லை ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளி எல்லை ஆகிவிடும். ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் பாதிக்கும் மேல் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான் போகிறது. ஐரோப்பியச் சந்தைக்காக இங்கிலாந்துச் சந்தைக்குக் குறுக்கே சுங்கச்சாவடி போடுவதா? பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வட அயர்லாந்து எல்லைக்காக இவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சிக்கல் என்று புரியும். உங்கள் நண்பர் இழுப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பற்றாக்குறை. 2023-24க்கு ஸ்காட்டிஷ் அரசே வெளியிட்ட கணக்குப்படி, வட கடல் வருமானத்தில் ஸ்காட்லாந்தின் பங்கைச் சேர்த்தும் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 10.4 சதவீதம். மொத்த பிரிட்டனுக்கு 4.5. ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கு வைத்திருக்கும் வரம்பு 3. இது பிரிட்டனுக்குள் இருக்கும் ஸ்காட்லாந்தின் கணக்கு, தனி நாடு வேறு மாதிரி செலவழிக்கும் என்று சுதந்திர ஆதரவாளர்கள் சொல்வது நியாயமான பதில்தான். ஆனாலும் முதல் பட்ஜெட் போடுகிற நிதியமைச்சர் அந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும், வரியைக் கூட்டுவதோ சம்பளத்தை வெட்டுவதோ கடன் வாங்குவதோ ஏதோ ஒன்று. எண்ணெய் இருக்கிறதே என்பீர்கள். 2014 கோடையில் பீப்பாய் 100 டாலருக்கு மேல், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே! நார்வே மாதிரி நிதியம் வைத்துக்கொண்டு அதைத் தாங்குவது வேறு, அதையே நம்பி முதல் வருடத்தை ஓட்டுவது வேறு.

நாணயம்தான் எல்லாவற்றுக்கும் மேல். பவுண்டைப் பகிர்ந்துகொள்ள முடியாது என்று பிரிட்டன் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் 2014 பிப்ரவரியில் அறிவித்தார், அதற்கு அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டால் கடைசிவரை உருப்படியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அனுமதி கேட்காமல் பவுண்டைப் பயன்படுத்தலாம், யாரும் தடுக்க முடியாது, மாண்டினீக்ரோ யூரோவை அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆனால் வட்டி விகிதம் லண்டனில் முடிவாகும், வங்கி கவிழ்ந்தால் நோட்டு அடித்துக் கொடுக்க ஆள் கிடையாது. அதனால்தான் ஆர்.பி.எஸ்., லாயிட்ஸ் வங்கிகள் 2014 செப்டம்பரில் 'ஆம்' ஜெயித்தால் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்றன. செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1இல் நல்ல முறையில்தான் பிரிந்தன, நாணயத்தை மட்டும் கொஞ்ச காலம் சேர்ந்தே வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார்கள். பிப்ரவரி 8 அன்று அது முடிந்தது, ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. ஸ்லோவாக்கியாவின் நாணயம் மதிப்பிழக்கும் என்று பயந்து ஜனங்கள் பணத்தைச் செக் பக்கம் நகர்த்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அரைகுறை:

தனிக்குடித்தனம் போகிறவன் கணக்கு எல்லாம் பார்த்துவிட்டா போகிறான்? மாமியார் பேச்சு பொறுக்காமல் போகிறான், அப்புறம் சமாளிக்கிறான்.

மேப்பிள்:

@அரைகுறை, அயர்லாந்து அப்படித்தான் போனது, சமாளிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 1922இல் பிரிந்தார்கள், தங்கள் பவுண்டை ஸ்டெர்லிங்கோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டி வைத்தது 1979 வரை. ஏற்றுமதி கிட்டத்தட்ட முழுக்கப் பிரிட்டனுக்குத்தான், 1950களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி அதே பிரிட்டனுக்கு வேலைக்குப் போனார்கள். 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்த பிறகுதான் மெல்ல மெல்ல விடுபட்டார்கள். இன்று பணக்கார நாடு, யாரும் திரும்பிப் போகலாம் என்று கேட்கவும் இல்லை. ஆனால் ஐம்பது வருடம் என்பது ஓட்டுப் போட்டவர்களின் ஆயுள்.

நான் மான்ட்ரியலில் இருக்கிறேன், எனக்கு இதில் பெரிய விஷயமாகத் தெரிவது, பிரிய எத்தனை சதவீத ஓட்டு வேண்டும் என்ற வரம்பு. கனடாவிலிருந்து பிரியலாமா என்று கியூபெக்கில் 1995இல் கேட்டபோது 'வேண்டாம்' 50.58, 'வேண்டும்' 49.42. இம்மியளவு மாறியிருந்தால் பாதி ஜனம் விரும்பாத ஒரு நாடு பிறந்திருக்கும். தன்னிச்சையாகப் பிரிய உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் கனடா பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செவ்வந்தி கேட்கும் வழி இதுதான், பிரிட்டனில் இப்படி ஒன்று எழுத்தில் இல்லாதது உண்மையிலேயே குறை. மாண்டினீக்ரோவுக்கு 2006இல் 55 சதவீதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை வைத்தது, 55.5இல் தாண்டினார்கள். 1905இல் நார்வே ஸ்வீடனை விட்டுப் பிரிந்தபோது எதிர்த்து விழுந்த ஓட்டு மொத்தமே 184! அந்த மாதிரி ஒருமனதாக இருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்.

செவ்வந்தி:

வரம்பு பற்றி ஸ்காட்லாந்துக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். 1979இல் தனி சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டதற்கு 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள், ஆனால் பதிவான வாக்காளர்கள் எல்லாரையும் சேர்த்து அதில் 40 சதவீதம் வரவேண்டும் என்று லண்டன் விதி வைத்திருந்ததால் செல்லாமல் போனது. வீட்டில் தூங்கியவனும் செத்தும் பட்டியலில் பெயர் நீங்காதவனும் 'வேண்டாம்' போட்ட கணக்கு. நாடாளுமன்றம் கிடைக்க 1999 வரை காத்திருந்தார்கள். பிரெக்ஸிட்டுக்கு 51.9 போதும், இவர்களுக்கு மட்டும் 55 என்றால் எப்படி?

மேப்பிள்:

பிரெக்ஸிட்டுக்கே 51.9 போதாது என்பதுதான் என் வாதம். பிரிவது என்று மட்டும் கேட்டுவிட்டு, எப்படி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றதன் விளைவுதானே அந்த மூன்றரை வருடக் கூத்து. பேச்சுவார்த்தை நடத்தச் சம்மதமா என்று முதலில் ஒரு ஓட்டு, வந்த ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்து இரண்டாவது ஓட்டு. அப்படி வைத்தால் எனக்கு 50ஐத் தாண்டினாலே போதும்.

வடகாற்று:

எல்லாருக்கும் நன்றி. எல்லை விஷயம் நான் இந்தக் கோணத்தில் யோசிக்காதது. 2024இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எஸ்.என்.பி. 48இலிருந்து 9 இடமாக இறங்கியதும் இப்போதைக்கு வாக்கெடுப்பு வராது என்ற தைரியத்தில் வீட்டுக் கடன் வாங்கிவிட்டேன். @கணக்குப்பிள்ளை, சுயநலமாக ஒன்று கேட்கிறேன். புதிய ஸ்காட்டிஷ் பவுண்டு வந்து சம்பளம் அதில் வந்தால், கடன் எதில் இருக்கும்?

கணக்குப்பிள்ளை:

சுயநலம் இல்லை, ஓட்டுப் போடுகிற பெரும்பாலானவர்களின் கேள்வியே இதுதான், பிரச்சாரத்தில் யாரும் நேராகப் பேசமாட்டார்கள். வீட்டு அடமானம் ஸ்காட்ஸ் சட்டப்படிதான் பதிவாகியிருக்கும், 1707இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகும் அவர்களுக்குத் தனிச் சட்ட முறை தொடர்கிறது. அதனால் புதிய நாடாளுமன்றம் கடன்களையும் புது நாணயத்துக்கு மாற்றிச் சட்டம் போடலாம். ஆனால் பணத்தைத் திரட்டிய வங்கி லண்டனில் ஸ்டெர்லிங்கில்தான் திருப்பிக் கட்ட வேண்டும், அதனால் அது சும்மா ஒத்துக்கொள்ளாது, வழக்கு நடக்கும். எஸ்.என்.பி. அமைத்த குழுவே 2018 அறிக்கையில் ஆறு பொருளாதாரச் சோதனைகளைத் தாண்டும்வரை ஸ்டெர்லிங்கிலேயே இருக்கலாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் பத்திரத்தில் கடன் ஒப்பந்தத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று ஒரு வரி இருக்கும், அது அடமானத்திலிருந்து வேறாகக்கூட இருக்கலாம். எடுத்துப் பார்த்து இங்கே போடுங்கள், வங்கிப் பெயர் வேண்டாம்.