இரண்டு மணி நேர ஆல்பம், ஜாக் இல்லாத ஃபோன்: தனியாக ஒரு பிளேயர் வாங்கலாமா?

கேசட்காலம்:
ஒரு வாரமாக இதே யோசனை. வீட்டில் சொன்னால் "இருக்கிற ஃபோன் போதாதா" என்று ஆரம்பிப்பார்கள், அதனால் இங்கே கொட்டுகிறேன். சிண்டி லீ என்ற கனடாக் கலைஞரின் 'டயமண்ட் ஜூபிலி' ஆல்பத்தைக் கடைசியில் முழுதாகக் கேட்டுவிட்டேன். 2024 மார்ச்சில் வந்ததை இப்போதுதான் கேட்கிறாயா என்று சிரிக்க வேண்டாம், நான் எப்போதுமே லேட். 32 பாட்டு, இரண்டு மணி நேரம், அறுபதுகளின் பெண் குழுப் பாடல்களை யாரோ பக்கத்து வீட்டுப் பழைய ரேடியோவில் வைத்த மாதிரி ஒரு சத்தம், நடுவில் திடீரென்று அந்த கிடார் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறது. வந்தபோது இதை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் எதிலும் போடவில்லை. யூடியூபில் ஒரே நீளமான வீடியோவாக ஒன்று, அப்புறம் தொண்ணூறுகளின் ஜியோசிட்டீஸ் இலவசத் தளக் காலத்து அலங்காரத்தோடு ஒரு வலைப்பக்கம், அதில் வாவ் கோப்புகள் (சுருக்காத ஒலி), விருப்பமிருந்தால் 30 கனடா டாலர் கொடுங்கள் என்று ஒரு வரி. அவ்வளவுதான் விளம்பரம்!

யூடியூபில் கேட்டால் பாதியில் யாராவது கூப்பிடுகிறார்கள், இல்லை பால்காரர் பில் வாட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே கீஸ் குழுவின் 'கெட்டிங் கில்ட்', ஃபோன்டெயின்ஸ் டிசியின் 'ரொமான்ஸ்' என்ற ராக் ஆல்பங்கள் இரண்டையும் ஃபிளாக்காக (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) வாங்கி வைத்திருக்கிறேன். என் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஹெட்ஃபோன் ஜாக் கிடையாது, இயர்பட்ஸ் சாதாரண ப்ளூடூத்தான். கேள்வி இதுதான்: இருபதாயிரம் செலவு செய்து ஒரு புது மியூசிக் பிளேயர் வாங்கலாமா, பழைய ஐபாட் தேடலாமா, இல்லை எனக்குப் பைத்தியமா?

ஈயக்கம்பி:
மூன்றாவதுதான், ஆனால் இங்கே எல்லோருக்கும் அதே வியாதி என்பதால் கவலை வேண்டாம்.

முதலில் ஒரு டாங்கிள் வாங்கிப் பாருங்கள். யூஎஸ்பி-சி முனையில் செருகி மறுமுனையில் 3.5 ஜாக் வருமே, அது. ஆப்பிள் விற்கும் சின்ன வெள்ளை டாங்கிளே கருவி வைத்து ஒலியை அளந்து பார்த்தால் பெரிய பெட்டிகளுக்குச் சவால் விடும், ஆனால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அதைச் செருகினால் சத்தம் குறைவாக வரும், தனி ஆப் வைத்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும், அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் வேறு கம்பெனி டாங்கிள் பாருங்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல வயர் இயர்ஃபோன் கிடைக்கிறது. மொத்தமே நாலாயிரம் தாண்டாது, மிச்சம் பதினாறாயிரத்துக்கு ஆல்பம் வாங்குங்கள் அண்ணா.

திருகாணி:
ஈயக்கம்பி சொல்வது சரி, ஆனால் அவர் கேள்வியின் பாதியை விட்டுவிட்டார். பால்காரர் பில் டாங்கிள் வழியாகவும் வரும்.

என்னிடம் இருப்பது 2006-இல் வந்த ஐபாட் வீடியோ, எல்லோரும் ஐந்தரைத் தலைமுறை என்று சொல்வார்களே, உல்ஃப்சன் ஒலிச் சிப் உள்ளது, அதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு போடும் அடாப்டர் ஒன்றை மாட்டினேன், புது பேட்டரி போட்டேன், ராக்பாக்ஸ் என்ற மாற்று மென்பொருளை ஏற்றினேன். ராக்பாக்ஸ் இலவசம், ஐபாடின் சொந்த மென்பொருள் ஃபிளாக்கைத் தொடாது, இது பாடும், ஐட்யூன்ஸ் இல்லாமல் பென் டிரைவில் போடுவது மாதிரி இழுத்துப் போட்டால் போதும். வீல் சுற்றும்போது வரும் அந்த டிக் டிக் சத்தத்துக்கே காசு செரித்துவிடும்.

ஆனால் ஒன்று. மூடியைத் திறக்கும்போது பேட்டரி பின்மூடியோடு ஒரு மெல்லிய பட்டை வயரில் தொங்கிக்கொண்டிருக்கும், நான் ஆர்வக்கோளாறில் புத்தகம் திறப்பது மாதிரி விரித்தேன், கனெக்டர் போர்டிலிருந்து பிய்ந்து கையோடு வந்துவிட்டது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன், இரண்டு பேர் அந்தப் பொருளையே பார்த்ததில்லை, மூன்றாமவர் "இதுக்கு நீங்க புது ஃபோனே வாங்கலாம் சார்" என்றார். கடைசியில் இன்னொரு செத்த ஐபாடின் போர்டை வாங்கி மாற்றினேன். எஸ்டி கார்டு வாங்கினால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் மென்பொருள் ஒன்றை ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள், 256 ஜிபி என்று எழுதிய போலி கார்டில் 32-க்கு மேல் போனால் பாட்டு காற்றில் கரைந்துவிடும், பட்டவன் சொல்கிறேன்.

மூன்றாம்ஸ்ருதி:
யாரும் கேட்காத உண்மை ஒன்றைச் சொல்லவா? டயமண்ட் ஜூபிலி வேண்டுமென்றே மங்கலாக, இரைச்சலோடு பதிவான ஆல்பம். அதை எந்தப் பிளேயரில் போட்டாலும் பழைய ரேடியோவாகத்தான் கேட்கும், அதுதான் அதன் அழகே. சிடி தரம் என்பது நொடிக்கு 1411 கிலோபிட், எல்டாக் என்ற உயர்தர ப்ளூடூத் முறை அதிகபட்சம் 990, சாதாரண ஏஏசி முறை 256 வாக்கில், இதெல்லாம் உண்மைதான், ஆனால் இந்த ஆல்பத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்கள் கண்டுபிடித்தால் நான் பதிவை அழித்துவிடுகிறேன். கீஸ் வேறு விஷயம். அதில் டிரம்ஸும் பாஸும் உங்கள் காதருகே சண்டை போடும், நல்ல இயர்ஃபோன் இருந்தால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும்.

இன்னொன்று, வாவ் கோப்புகளை அப்படியே வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் என்றால் ஏறத்தாழ 1.3 ஜிபி, போதாக்குறைக்கு வாவில் பாட்டுப் பெயர், அட்டைப்படம் எல்லாம் பல பிளேயர்களில் ஒழுங்காக உட்காராது, 32 பாட்டும் வரிசை மாறி நிற்கும். ஃபிளாக்காக மாற்றுங்கள், தரம் துளிகூடக் குறையாது. (இரைச்சல் நிறைந்த பதிவு சுத்தமான பதிவை விடக் குறைவாகவே சுருங்கும், அதனால் பாதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.) அந்த ஆல்பம் அப்புறம் கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்திலும் வந்தது, அங்கே வாங்கினால் ஃபிளாக்கே நேராகக் கிடைக்கும்.

ஈயக்கம்பி:
பேண்ட்கேம்பில் வாங்குவதாக இருந்தால் பேண்ட்கேம்ப் வெள்ளி வரைக்கும் பொறுங்கள், எல்லா வெள்ளியும் இல்லை, அவர்கள் அறிவிக்கும் சில வெள்ளிகள் மட்டும். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் ஆரம்பித்தது. டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் வழக்கமாக எடுக்கும் 15 சதவீதத்தை அன்றைக்குக் கலைஞருக்கே விட்டுக்கொடுப்பார்கள். அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரம், அதனால் நமக்கு வெள்ளி மதியத்துக்கு மேல்தான் தொடங்கும், காலையிலேயே வாங்கி ஏமாறாதீர்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்து வையுங்கள், நான் முதல் தடவை நாலு முறை ஃபெயிலாகி அப்புறம்தான் கண்டுபிடித்தேன்.

கேசட்காலம்:
எல்லோருக்கும் நன்றி. இருபதாயிரத்தை விட்டுவிட்டேன். டாங்கிளும் வயர் இயர்ஃபோனும் ஆர்டர் போட்டாயிற்று. பழைய அலமாரியில் தேடினால் என் 2015 ஃபோன் கிடைத்தது, ஜாக் இருக்கிறது, சிம் கிடையாது, எஸ்டி கார்டு போட இடம் இருக்கிறது, பேட்டரிதான் லேசாக உப்பியிருக்கிறது. புது பேட்டரி போட்டால் அதுவே பிளேயர். திருகாணி அண்ணா, இதைத் திறக்கும்போதும் புத்தகம் மாதிரி விரிக்கக் கூடாதா?

திருகாணி:
உப்பின பேட்டரி என்றால் நீங்கள் திறக்கவே வேண்டாம். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள், அவர்கள் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே நில்லுங்கள்.